போர் கேட்பவரே சான்று தர வேண்டும்

(எலவனாசூர்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எதிரியிடம் கொடிய ஆயுதம் இருக்கிறது, அவன் அதை எடுப்பதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஓர் அரசு சொல்கிறது. அப்போது அந்த நாட்டு மக்கள் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதைப் பேச இந்த மண் மிகவும் பொருத்தமானது என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

நீங்கள் இருப்பது மலையமான் நாடு. மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர்தான் இன்றைய திருக்கோவிலூர். அந்த மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்துக்கொண்டுபோய் யானைக் காலில் இடத் துணிந்தான். அவர்களைக் காப்பாற்றப் புலவர் கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 46-ஆம் பாட்டு. பிள்ளைகளைக் கொல்லச் சோழன் நினைத்தது ஏன் என்று பாட்டு சொல்லவில்லை. ஆனாலும் பகைவனின் குழந்தையைக் கொல்லத் துணிகிற அரசர்கள் எல்லோருக்கும் கணக்கு ஒன்றுதான். இன்று இவன் கையில் வாள் இல்லை, நாளை இருக்கும். நாளை வரப்போகும் ஆபத்தை இன்றைக்கே முடித்துவிடு. இந்தக் கணக்கை 21-ஆம் நூற்றாண்டின் வல்லரசுகள் கண்டுபிடிக்கவில்லை. இங்கே, இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே ஒருநாள் அது நின்றது.

கோவூர் கிழார் எப்படி வாதாடினார் என்று கவனியுங்கள். இந்தப் பிள்ளைகள் வளர்ந்தால் உனக்குப் பகையாக மாட்டார்கள் என்று அவர் பிணை நிற்கவில்லை. அது யாராலும் முடியாத காரியம். நாளைக்கு நடக்காது என்று ஒன்றை இன்றைக்கு நிரூபிக்க வழியே இல்லை. அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் என்று முதலில் அரசனுக்கு அவனையே நினைவூட்டினார். இவர்கள் புலவர்களுடன் பகிர்ந்து உண்டவர்களின் மரபு என்றார். பிறகு, இவர்களைக் கொஞ்சம் பார் என்றார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட சிறுவர்கள். அடுத்த நொடியே மன்றத்துக் கூட்டத்தைக் கண்டு மருண்டு, அதுவரை அறியாத துன்பத்தோடு நிற்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், உன் விருப்பப்படி செய் என்று முடித்துவிட்டார். பிள்ளைகள் பிழைத்தார்கள். பொறுப்பு முழுவதையும் கொல்லப்போகிறவன் தோளிலேயே ஏற்றிவைத்தது அந்தப் பேச்சு. கொல்லக் கூடாது என்பதற்கு நான் சான்று தரமாட்டேன், கொல்லலாம் என்பதற்கு நீதான் தர வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2003-க்கு வாருங்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி, இராக்மேல் போர் ஏன் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். விரல்களுக்கு இடையே ஒரு சின்னஞ்சிறு குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி இந்த அளவு இருந்தால் என்ன ஆகும் என்று விளக்குவதற்கான மாதிரி அது. இராக்கிலிருந்து எடுக்கப்பட்டது எதுவும் அதில் இல்லை. ஆனால் உலகத்தின் நினைவில் நின்றது அந்தக் குப்பிதான். தான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஆதாரம் இருக்கிறது என்றும் சொன்னார்.

அவர் காட்டியவற்றில் இரண்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலாவது, கிருமி ஆயுதம் தயாரிக்கும் நடமாடும் ஆய்வகங்கள். லாரிகளில் வைத்து ஊர் ஊராக நகர்த்துகிறார்கள் என்று குற்றச்சாட்டு. திரையில் வந்தது புகைப்படம் இல்லை, வரைபடம். புகைப்படம் யாரிடமும் இல்லை. ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஓர் இராக்கியப் பொறியாளர் சொன்னதை வைத்து வரைந்த படம் அது. 'கர்வ்பால்' என்பது உளவுத்துறை அவருக்கு வைத்த பெயர். ஜெர்மன் உளவுத்துறைதான் அவரை விசாரித்தது. அமெரிக்கர்கள் அவரை நேரில் விசாரிக்காமலேயே, அவர் சொல்லை நம்பலாமா என்ற ஐயத்தை ஜெர்மானியர்கள் எழுப்பியிருந்தும், அது உலக அவைக்கு வந்து சேர்ந்தது. 2011-ல் அந்த மனிதரே, நான் சொன்னது பொய், இராக் அதிபர் சதாம் உசேனின் ஆட்சி விழ வேண்டும் என்று சொன்னேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். போருக்குப் பிறகு கண்டெடுத்த வண்டிகளை ஆராய்ந்தவர்கள், அவை பலூன்களுக்கு ஹைட்ரஜன் வாயு நிரப்பப் பயன்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இரண்டாவது, அலுமினியக் குழாய்கள். குழாயின் விட்டம் 81 மில்லிமீட்டர். யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் எந்திரங்களுக்காக இராக் இவற்றை வாங்க முயன்றது என்றார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையில் வாழ்நாள் முழுக்க அந்த எந்திரங்களோடு பழகிய நிபுணர்கள் மறுத்தார்கள். குழாய்ச் சுவரின் கனம் பொருந்தவில்லை, மேல்பூச்சும் பொருந்தவில்லை, இராக் ஏற்கெனவே தயாரித்துவந்த 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கு இவை அப்படியே பொருந்துகின்றன என்றார்கள். பன்னாட்டு அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரதேய் 2003 மார்ச் 7-ல் பாதுகாப்பு அவையில் இதே கருத்தைச் சொன்னார். இராக் நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்பதையும் அதே நாள், அதே அவையில் சொன்னார். போர் தொடங்கியது மார்ச் 20. நடுவில் 13 நாள் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. தேர்வுக்குப் படித்துவிட்டு நாம் கடந்துபோகிற அதிகாரம் அது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளில் இன்னும் கண்டிப்பு. ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும், அப்படி மூன்று பேர் தனித்தனியாகச் சொல்வது ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும். கர்வ்பால் கதையை இந்த இரண்டு குறளுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏறக்குறைய முழுக்க ஒரே ஒற்றனின் சொல், அதை ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை, அவனை நேரில் விசாரிக்காதவர்கள் அவன் சொல்லை ஏற்றார்கள். இவ்வளவு செலவும் செயற்கைக்கோளும் வைத்திருந்த ஓர் உளவு அமைப்பு, ஒற்றாடல் அதிகாரத்தின் முதல் பாடத்தில் தவறியது. அதன் விலையாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இராக்கியப் பொதுமக்கள் உயிரிழந்தார்கள்.

இங்கே எதிர்த்தரப்புக்கு நான் நியாயம் செய்தாக வேண்டும். போர் வேண்டும் என்றவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டால் எனக்குக் கைத்தட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. சதாம் உசேனிடம் ரசாயன ஆயுதம் இருந்தது. ஈரான் போரில் பயன்படுத்தினார். 1988 மார்ச் 16-ல் ஹலப்ஜா என்ற குர்து ஊரின்மேல் நச்சுவாயு வீசி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார். குழந்தையை மார்போடு அணைத்தபடி வீட்டு வாசலில் விழுந்துகிடந்த தகப்பனின் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த மனிதனை நம்ப முடியாது என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான அச்சம். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அச்சம் ஒரு சோதனையைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. குண்டு போடும் உரிமையைத் தந்துவிடாது. சோதனையும் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. 2002 நவம்பர் 8-ல் பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களும் ஒருமனதாக, சோதனைக்கு வழிசெய்யும் 1441-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். நவம்பர் 27-ல் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. சோதனையாளர்கள் இராக்குக்குள் வேலையைத் தொடங்கினார்கள். 700-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. அனுமதித்த 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பாயும் ஏவுகணைகளைக் கண்டுபிடித்தார்கள். மார்ச் 1 முதல் அவற்றை இராக்கியர்களே சோதனையாளர்களின் கண்ணெதிரே உடைத்து நொறுக்கத் தொடங்கினார்கள். கவனியுங்கள், ஓர் ஆயுதம் உண்மையில் இருந்தது. அது ஓர் உயிர்கூடப் போகாமல் அழிந்துகொண்டிருந்தது. மீதியைச் சரிபார்க்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டதற்கு, ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதாது, சில மாதங்கள் வேண்டும் என்றார் பிளிக்ஸ். அந்தச் சில மாதங்களைத் தரவில்லை. போருக்குப் பிறகு அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு நாடு முழுக்கத் தேடியது. அதன் தலைவராக இருந்த டேவிட் கே 2004 ஜனவரியில் அமெரிக்க செனட் குழுமுன் வந்து, நாங்கள் ஏறக்குறைய எல்லோருமே தவறாக நினைத்திருந்தோம் என்றார். ஆயுதக் கையிருப்பை இராக் 1991-ஐ ஒட்டியே பெரும்பாலும் அழித்துவிட்டிருந்தது.

அமெரிக்காவோடு சேர்ந்து போருக்குப் போன பிரிட்டனின் நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்காமல் இல்லை. மார்ச் 17-ல் ராபின் குக் அமைச்சர் பதவியை விட்டு விலகி, ஏன் விலகினேன் என்று எழுந்து நின்று சொன்னார். மறுநாள் 412-க்கு 149 என்ற வாக்கில் போர் வென்றது. இந்தப் போரைப் பற்றி விசாரிக்க 2009-ல் அமைத்த சில்காட் குழு 2016 ஜூலை 6-ல் அறிக்கை தந்தது. அமைதி வழிகள் தீர்ந்துபோகுமுன்பே போருக்குப் போனார்கள், ஆயுதம் பற்றிய மதிப்பீடுகளில் இல்லாத உறுதியைச் சேர்த்துச் சொன்னார்கள் என்பது அதன் முடிவு. ராபின் குக் 2005-லேயே காலமாகிவிட்டார்.

பட்டிமன்றத்தை விரும்பும் மக்கள் நாம். இரண்டு அணி, இருவருக்கும் ஒரே அளவு நேரம், கடைசியில் நடுவர் தீர்ப்பு. போர் பற்றிய விவாதத்தை அந்த அச்சில் வார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு அணியும் சமம் இல்லை. பொறுத்திருப்போம் என்ற அணி தோற்றுப்போனால் அடுத்த வாரம் மறுபடி வாதாடலாம். போர் என்ற அணி தவறாக வென்றுவிட்டால் செத்தவர்களிடம் போய் எந்த நடுவரும் தீர்ப்பை மாற்றி வாசிக்க முடியாது. ஆகவே, ஆயுதம் இல்லை என்று நீ நிரூபி என்று இராக்கிடம் கேட்டதே தலைகீழ். இல்லாத பொருளை ஒருவன் எப்படிக் காட்டுவான்?

இனி, இன்னும் கடினமான கேள்விக்கு வருகிறேன். ஆயுதம் உண்மையாகவே இருந்தால்? அப்போது போர் சரியா?

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் இருந்தன. விமானத்திலிருந்து எடுத்த தெளிவான புகைப்படங்கள் மேசைமேல் இருந்தன. வரைபடம் இல்லை, கர்வ்பால் இல்லை, ஐயமே இல்லை. முதல் நாள் கூடிய கூட்டத்தில் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்கள் பலரும் விமானத் தாக்குதலைத்தான் பேசினார்கள். படைத்தளபதிகள் கடைசிவரை அதையே வற்புறுத்தினார்கள். கென்னடி கடலில் மறிப்பு போட்டார், கடிதம் எழுதினார், துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டார். சோவியத் தலைவர் குருசேவ் பின்வாங்கினார். முப்பது ஆண்டு கழித்து, 1992-ல் ஹவானாவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் தெரிந்தது: அமெரிக்கப் படை இறங்கினால் அதன்மேல் போடுவதற்கென்றே குறுகிய தூர அணு ஆயுதங்களையும் சோவியத் கியூபாவுக்குக் கொண்டுவந்திருந்தது. பத்தாயிரம் என்று அமெரிக்கா நினைத்திருந்த சோவியத் வீரர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். போர் கேட்ட தளபதிகள் ஏவுகணையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. போரைப் பற்றிச் சொன்னதுதான் தவறு. ஆயுதம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதைப் போக்குவதற்குப் போர்தான் வழியா என்பது தனிக் கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தவுடன் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

அந்த இரண்டாவது கேள்விக்கு இராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஜூன் 7-ல் இஸ்ரேல் இராக்கின் அணு உலையைக் குண்டு போட்டு அழித்தது. அதற்குப் பிறகுதான் இராக் தன் அணு ஆயுத முயற்சியை மறைவிடங்களுக்கு நகர்த்திப் பெரிதாக்கியது. 1991-ல் சோதனையாளர்கள் உள்ளே போய்த்தான் அதன் அளவு வெளியே வந்தது. 2003-ல் இராக்கிடம் அணு ஆயுதம் இல்லை, படையெடுப்பு வந்தது. வடகொரியா 2006-ல் அணுகுண்டைச் சோதித்தது, படையெடுப்பு வரவில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறிய நாட்டின் தலைவன் என்ன முடிவுக்கு வருவான் என்று யோசியுங்கள். 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள்மேல் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு போட்டபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான்.

ஆயுதத்தைக் குறைக்க வேறு வழி உண்டா என்பவர்கள் மேற்கே திரும்பிக் கல்வராயன் மலையைப் பாருங்கள். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி அங்கே பல வீடுகளில் இருந்தது. குழல் வாய் வழியாகக் கரிமருந்தை இட்டு, கம்பியால் குத்தி இறுக்கி, பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுகிற துப்பாக்கி. பயிரை மேயவரும் காட்டுப்பன்றிக்கென்று வைத்திருப்பார்கள், சில நேரம் அது மனிதன்மேலும் பாய்ந்துவிடும். வீடு வீடாகப் புகுந்து கதவை உடைத்திருந்தால் துப்பாக்கி காட்டுக்குள் போயிருக்கும். தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை ஊர்ப் பெரியவர்கள் வழியாகச் சொன்னது. இரவோடு இரவாகப் பொது இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. எல்லாத் துப்பாக்கியும் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்தது ரத்தம் இல்லாமல் வந்தது.

நாடுகளுக்கு இடையில் இது நடக்காது என்பவர்களுக்கு நம் கதையையே சொல்கிறேன். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31-ல் இஸ்லாமாபாதில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்போது ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் பிரதமர்கள். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்பதே ஒப்பந்தம். 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி இரண்டு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன. 1999-ல் கார்கில் போர். 2001 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தின்மேல் தாக்குதல், அடுத்த பத்து மாதம் எல்லையில் லட்சக்கணக்கான படை. அந்த ஜனவரி 1-லும் பட்டியல் கைமாறியது. நம்பிக்கையால் வந்த ஒப்பந்தம் இல்லை இது. ஒருவரை ஒருவர் துளியும் நம்பாதவர்கள் செய்துகொண்டது. நம் கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தாள் என்ன காவல் தருகிறது என்று எண்ணிப்பாருங்கள். இதை நம் பாடப் புத்தகங்கள் இன்னும் பெரிதாகச் சொல்ல வேண்டும்.

விவாதம் எப்போதும் வென்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் படைக்கொட்டிலில் நெய் பூசி மயிற்பீலி சூட்டி வைத்திருந்த புத்தம் புது ஆயுதங்களைக் கண்ணால் பார்த்து, அவற்றின் புதுமையையே அவனுக்கு எதிரான சொல்லாக மாற்றினார். ஆனால் அவரைத் தூது அனுப்பிய அதியமானே இதோ இந்தக் கோவலூர்மேல் படையெடுத்து வென்றான். அந்த வெற்றியையும் புலவர்கள் பாடினார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நம் மரபைப் படிக்க வேண்டும்.

கடைசியாக நம் நாடாளுமன்றம். இராக் போரைக் கண்டித்து மக்களவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது 2003 ஏப்ரல் 8-ல். பாக்தாத் விழுந்தது ஏப்ரல் 9. பவல் குப்பியைக் காட்டிய பிப்ரவரியிலேயே அந்த விவாதம் நடந்திருக்க வேண்டும்; அப்போது அது ஒரு குரல், ஏப்ரலில் அது ஓர் இரங்கல். ஆயினும் அந்தத் தீர்மானம் வீணாகவில்லை. அதே கோடையில் அமெரிக்கா இந்தியப் படையை இராக்குக்கு அனுப்பும்படி கேட்டது. அனுப்பலாம் என்று தில்லியில் பேசியவர்கள் இருந்தார்கள். எதிர்க்கட்சிகள் எதிர்த்தன, செய்தித்தாள்கள் எழுதின, வாஜ்பாய் அரசு ஜூலை 14-ல் ஐ.நா.வின் ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று மறுத்தது.

போருக்குப் போவது, வெளிநாட்டுக்குப் படை அனுப்புவது போன்ற முடிவுக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசமைப்பில் விதி இல்லை. அமைச்சரவை முடிவு செய்யலாம். பிறகு அவைக்குச் சொல்லலாம். இந்த நிலை மாற வேண்டும். விவாதித்தால் ரகசியம் போய்விடும், நாட்டின் உறுதி குலையும் என்பார்கள். 1962-ல் சீனப் படை நம் எல்லைக்குள் இருந்தபோதே நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டவர், அன்று மாநிலங்களவையில் இளம் உறுப்பினராக இருந்த அதே வாஜ்பாய். நேரு நவம்பர் 8-ல் கூட்டினார். மூடிய கதவுக்குள் நடத்தலாம் என்று யோசனை வந்தபோது அதை ஏற்கவில்லை. போர் நடந்துகொண்டிருக்க, தன் அரசின் தவறுகளை உறுப்பினர்கள் வெளிப்படையாகப் பேசியதை அவையில் உட்கார்ந்து கேட்டார். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை இந்த ஊருக்கு வரும்போது சாலையும் குடிநீரும் கேளுங்கள்; கூடவே, போருக்கு முன் அவையில் விவாதமும் வாக்கெடுப்பும் வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா என்றும் கேளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் எவரேனும் எழுந்து அதைக் கேட்கலாம்.